சிப்காட் ஷிப்டுக்குப் போகும் ஐந்து பேருக்குப் பழைய மாருதி ஆம்னி வேன் வாங்கிக் கொடுக்கலாமா?

உப்பனாறு (செவ்வாய், இரவு 9.50)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் குள்ளஞ்சாவடிப் பக்கம், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. ஊரிலிருந்து ஐந்து பேர் கடலூர் சிப்காட்டில் ஒரு கம்பெனிக்குக் காண்ட்ராக்டில் போகிறார்கள். மூன்று ஆண்கள் லோடிங், இரண்டு பெண்கள் பேக்கிங். போக மட்டும் 22 கிலோமீட்டர். பர்மனெண்ட் ஆட்களுக்குக் கம்பெனி பஸ் இருக்கிறது, இவர்களை அதில் ஏற்ற மாட்டார்கள். காலை ஷிப்டுக்கு ஆறு மணிக்கு கேட்டில் நிற்க வேண்டும், ஊருக்கு முதல் பஸ் வருவதே ஐந்தே முக்காலுக்கு. மதிய ஷிப்ட் என்றால் இரவு பத்து மணிக்கு விடுவார்கள், கடைசி பஸ் அதற்குள் போயிருக்கும். இப்போது ஒரு குட்டியானைக்காரர்தான் (சின்ன லோடு வண்டி) தலைக்கு 60 ரூபாய் வாங்கிக்கொண்டு பின்னால் ஏற்றிக்கொண்டு வந்து விடுகிறார். அவருக்கு வேறு லோடு கிடைத்தால் அன்றைக்கு வர மாட்டார். அப்படி ஒரு நாள் ஐந்து பேரும் கேட்டுக்கு எதிரே மூடிக்கிடந்த டீக்கடை பெஞ்சில் விடியும்வரை உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். அந்த இரண்டு பெண்களில் ஒருவருக்கு வீட்டில் மூன்று வயதுப் பிள்ளை. போன மாதம் ஒரு தம்பி மூன்று நாள் லேட்டாகப் போனான் என்று காண்ட்ராக்டர் ஒரு வாரம் உட்கார வைத்துவிட்டார். ஒரு வாரச் சம்பளம் போனால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நாங்கள் பத்தாவது ஒன்றாகப் படித்தவர்கள் பதினோரு பேர், இப்போது சிங்கப்பூர், ஓசூர், துபாய் என்று சிதறிக் கிடக்கிறோம். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு 1,80,000 ரூபாய் சேர்த்திருக்கிறோம். இந்த ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரு பழைய ஆம்னியோ ஈகோவோ வாங்கிக் கொடுக்கலாம் என்று யோசனை. ஒருவருக்குக் கார் லைசன்ஸ் இருக்கிறது, முன்பு டிரைவராக இருந்தவர்.

எனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். வண்டியை யார் பெயரில் வாங்குவது? பாண்டியில் விலை குறைவாகக் கிடைக்கிறது என்கிறார்கள், பி.ஒய். நம்பர் வண்டியை இங்கே ஓட்டினால் பிரச்சினை வருமா? அப்புறம், பெட்ரோலுக்கு அவர்களே பணம் போட்டுக்கொள்வார்கள், அது சரிதானா? நாங்கள் யாரும் வண்டி விஷயத்தில் விவரம் உள்ளவர்கள் இல்லை. பணத்தைப் போட்டு அவர்கள் தலையில் ஒரு சுமையைக் கட்டிவிடக் கூடாது என்ற பயம் இருக்கிறது.

---

வில்லியனூர் ஸ்பேனர் (செவ்வாய், இரவு 11.15)

தம்பி, நல்ல காரியம். நான் இருபத்திரண்டு வருஷமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன், அதனால் வண்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஆம்னி 2019லேயே நின்றுபோன வண்டி. உங்கள் பட்ஜெட்டுக்கு வருவதெல்லாம் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஓடியதாகத்தான் இருக்கும். இன்ஜினைப் பற்றி நான் அவ்வளவு கவலைப்பட மாட்டேன், 796 சிசி, எந்த ஊர் மெக்கானிக்கும் பிரித்துப் போடுவார், சாமான் கிடைக்கும். பாடிதான் பிரச்சினை. நம்ம பக்கம் உப்புக் காற்று. வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே பட்டி வைத்துத் தேய்த்திருப்பார்கள். கால் மிதியைத் தூக்கிவிட்டு ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று சொல்லும், அரித்த தகடு பொத்தென்று இருக்கும். ஸ்லைடிங் கதவுக்குக் கீழே இருக்கும் ரன்னிங் போர்டை விரலால் அமுக்கினாலே சில வண்டியில் உதிரும்.

இன்னொன்று, வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. 2015 கடலூர் வெள்ளம், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல், அந்தத் தண்ணீரில் நின்ற வண்டிகள் கழுவித் துடைத்து இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. சீட் பெல்ட்டைப் பிடித்து முழு நீளத்துக்கும் இழுங்கள். எவ்வளவு சுத்தம் செய்தாலும் சுருளுக்குள் இருக்கும் கடைசி முழத்தை யாரும் துவைப்பதில்லை, அங்கே சேற்று வரி தெரியும். டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு வயர் கட்டைத் தடவினால் விரலில் மண் ஒட்டும். அந்த வண்டி வேண்டவே வேண்டாம், சும்மா கொடுத்தாலும் வேண்டாம். ஒரு மழைநாளில் ராத்திரி பத்தரைக்கு நடுரோட்டில் நின்றுவிடும்.

வீட்டு சிலிண்டர் மாட்டி ஓட்டிய ஆம்னியும் சந்தையில் இருக்கிறது. பின்சீட்டுக்கு அடியில் தகட்டில் புதுசாக ஓட்டை போட்டு அடைத்த அடையாளம் இருந்தால் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள், வந்துவிடுங்கள்.

இப்போது கணக்கு. போக வர 44 கிலோமீட்டர், மாதம் 26 நாள் என்றால் 1,144. பழைய ஆம்னி ஐந்து பேரை வைத்துக்கொண்டு லிட்டருக்கு 14 கொடுத்தால் பெரிது. 82 லிட்டர். உங்கள் பக்கம் லிட்டர் 102 ரூபாய் என்று வைத்தால் 8,300க்கு மேல் வருகிறது, தலைக்கு 1,670. இதில் ஆயில், டயர், பேட்டரி, கிளட்ச் எதுவும் இல்லை. வாங்கிய முதல் வருஷத்தில் எப்படியும் 30,000 கேட்கும். தினக்கூலிக்காரருக்கு மாதாமாதம் பெட்ரோல் போடக்கூட முடிந்துவிடும் தம்பி, ஒரே நாளில் கிளட்ச் பிளேட்டுக்கு ஏழாயிரம் எடுத்துவை என்றால்தான் வண்டி வேப்பமரத்தடியில் போய் நிற்கும், அதற்கப்புறம் கோழி அடையும். நான் எத்தனையோ பார்த்துவிட்டேன்.

---

மஞ்சை ஃபாரம் 29 (புதன், காலை 7.05)

ஆர்.டி.ஓ. வேலைகள் எழுதிக் கொடுப்பவன் நான். உப்பனாறு, உங்கள் மூன்று கேள்விக்கும் பதில் சொல்கிறேன், ஆனால் நீங்கள் கேட்காத நான்காவதுதான் முக்கியம், அதைக் கடைசியில் பாருங்கள்.

பெயர். உங்கள் நண்பர்களில் ஒருவர் பெயரில் வாங்கி அவர்களிடம் சாவியைக் கொடுக்கலாம் என்று நினைத்திருந்தால் விட்டுவிடுங்கள். விபத்து என்று வந்தால் ஆர்.சி.யில், அதாவது வண்டிப் பதிவுப் புத்தகத்தில், யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓனர். வண்டியை எப்போதோ கைமாற்றிக் கொடுத்துவிட்டேன் என்று சொன்னாலும் புத்தகத்தில் இருக்கும் பெயர்தான் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. துபாயில் இருக்கும் உங்கள் நண்பர் கடலூர் கோர்ட்டுக்கு வந்துகொண்டிருக்க முடியாது. பழைய ஓனர் பெயரிலேயே ஓட்டுவதும் அதே கதைதான். பெயர் மாற்றத்துக்கு விற்றவர் ஃபாரம் 29, வாங்குபவர் ஃபாரம் 30, காசு கைமாறும் அன்றைக்கே இரண்டிலும் கையெழுத்து வாங்குங்கள். ஃபைனான்ஸ் போட்ட வண்டி என்றால் கடன் தீர்ந்தது என்று காட்டும் ஃபாரம் 35 இல்லாமல் ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் பெயர் மாற்றிவிட வேண்டும்.

பி.ஒய். நம்பர். வேறு மாநில வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கத்திய நம்பருக்கு மாற்றியாக வேண்டும். உங்கள் ஆட்கள் பெயருக்கு மாற்றும்போதே என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்கிக் கடலூர் நம்பரான டி.என். 31க்கு வந்துவிடும், அப்போது தமிழ்நாட்டு வரி தனியாகக் கட்ட வேண்டும். பாண்டியில் 15,000 குறைவு என்று சந்தோஷப்பட்டு வாங்கிவிட்டு இங்கே வந்து வரியும் அலைச்சலும் சேர்ந்து அதைத் தின்றுவிட்டது என்று புலம்புபவர்கள் தினம் வருகிறார்கள். 15 வருஷம் முடிந்த கார் என்றால் புதுப்பிக்கும் கட்டணம் முன்பு 600 ரூபாய், 2022 ஏப்ரலிலிருந்து 5,000. அதையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

பெட்ரோல் காசு. ஓன் போர்டு (சொந்த உபயோக) வண்டியில் தலைக்கு இவ்வளவு என்று வசூல் செய்தால் வாடகைக்கு ஓட்டியதாகிவிடும். பர்மிட் இல்லாமல் ஓட்டியதற்கு அபராதம் 10,000, ஆறு மாதம்வரை சிறையும் உண்டு. ஐந்து பேரும் ஒரே வீட்டுக்காரர்கள் இல்லை, தினமும் ஒரே ரோடு, ஒரே நேரம், கண்ணில் படத்தான் செய்யும்.

நான்காவது. காசு மிச்சம் என்று எல்லோரும் தேர்டு பார்ட்டி மட்டும் போடுகிறார்கள். 1000 சிசிக்கு உட்பட்ட காருக்கு 2,094, மேலே ஜி.எஸ்.டி. ஆனால் அது ரோட்டில் போகிறவருக்கான பாலிசி. வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் நான்கு பேருக்கு ஒன்றும் வராது, 2006லேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. உள்ளே இருப்பவருக்கும் சேர்த்து வேண்டுமென்றால் பேக்கேஜ் பாலிசி எடுக்க வேண்டும். அதையும் பழைய வண்டிக்குக் கொடுக்கும்போது கம்பெனிக்காரர்கள் இன்ஸ்பெக்‌ஷன் அது இது என்பார்கள். கூலிக்குப் போகும் நான்கு குடும்பத்தின் சம்பாத்தியத்தை ஒரே வண்டிக்குள் ஏற்றுகிறீர்கள், இதில் மட்டும் சிக்கனம் பார்த்துவிடாதீர்கள். இதை நான் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

---

பாகூர் ஏரிக்கரை (புதன், காலை 8.30)

நான் ஆம்னி பக்கம்தான் பேசுவேன். கணக்கு எல்லாம் சரி, ஆனால் கார் வேண்டாம் என்றால் மிச்சம் டூவீலர்தான், ஐப்பசி கார்த்திகையில் ராத்திரி பத்து மணிக்கு 22 கிலோமீட்டர் டூவீலரில் போய்ப் பார்த்தால் தெரியும். லைட் கம்பம் கிடையாது, ரோட்டோரம் எது பள்ளம் எது தண்ணீர் என்று தெரியாது, லாரி எதிரே வந்தால் கண் கூசும். போன மழைக்கு என் மைத்துனன் அப்படித்தான் விழுந்து காலர் எலும்பு முறிந்து நாற்பது நாள் வீட்டில் கிடந்தான். கார் என்றால் ஊரில் யாருக்காவது பிரசவ வலி என்றாலும் உதவும். செலவு கூட என்பதற்காக ஏழை நனைந்துகொண்டே போக வேண்டுமா?

---

வானூர் மேகலா (புதன், மதியம் 1.40)

லஞ்ச் டைமில் எழுதுகிறேன். உப்பனாறு அண்ணா, நீங்கள் எழுதியதில் அந்த டீக்கடை பெஞ்சைப் படித்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது, ஏனென்றால் நானும் அப்படி உட்கார்ந்தவள்.

நான் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங்கில் ஒன்பது வருஷமாக இருக்கிறேன். முதல் இரண்டு வருஷம் ஷேர் ஆட்டோ, அப்புறம் தெரிந்தவர் வேன். அந்த வேனில் ஏழு பேர் போனோம். டிரைவர் அண்ணன் நல்லவர்தான், ஆனால் அவருக்குக் காய்ச்சல் என்றால் எங்கள் ஏழு பேருக்கும் லீவு. அவர் வீட்டில் விசேஷம் என்றால் எங்களுக்கும் சம்பளம் கட். அவர் வேறு கம்பெனிக்கு மாறினார், அன்றோடு எங்களில் மூன்று பேர் வேலையை விட்டார்கள். லைசன்ஸ் உள்ள ஒருவரை நம்பி ஐந்து பேருக்கு ஒரு வண்டி என்றால் இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

2018இல் அம்மா ஸ்கூட்டர் திட்டம் வந்தது. வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பாதி விலை, அதிகபட்சம் 25,000 மானியம். 18 வயதிலிருந்து 40க்குள் இருக்க வேண்டும், வருஷ வருமானம் இரண்டரை லட்சத்துக்குள். எங்கள் தெருவில் தகுதி உள்ளவர்கள் பத்துப் பேருக்கு மேல் இருந்தோம், விண்ணப்பம் போட்டது நானும் இன்னொரு அக்காவும்தான். காரணம் பணம் இல்லை, லைசன்ஸ் இல்லை. எல்.எல்.ஆர். (பழகுநர் லைசன்ஸ்) போட ஒரு நாள், எட்டுப் போட்டுக் காட்ட ஒரு நாள், இரண்டு நாள் கூலி போகும், யார் கூட்டிப் போவார்கள், விழுந்தால் சிரிப்பார்களே என்று அப்படியே விட்டுவிட்டார்கள். அந்தத் திட்டமும் பிறகு நின்றுபோனது. 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அது பெரிய உதவி, நான் குறை சொல்ல மாட்டேன், பகலில் கடலூர் ஆஸ்பத்திரிக்கோ ஸ்கூலுக்கோ போகிறவர்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் மிச்சம். ஆனால் பத்து மணிக்குப் பஸ்ஸே இல்லாத ரோட்டில் இலவசத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

எனக்கு அந்த ஸ்கூட்டர் வந்த பிறகு நடந்தது இதுதான். ஆர்.சி. புத்தகத்தில் என் பெயர். ஓவர் டைம் இருக்கிறதா என்று சூப்பர்வைசர் கேட்டால் யாரிடமும் கேட்காமல் சரி என்று சொல்ல முடிந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போன் வந்தால் பதினைந்து நிமிஷத்தில் வீட்டில் இருப்பேன். பக்கத்தில் சம்பளம் கூடக் கொடுக்கும் கம்பெனிக்கு மாறினேன். வேனில் போயிருந்தால் மாறியிருக்க முடியாது, ஏனென்றால் வேன் எங்கே நிற்கிறதோ அங்கேதான் வேலை.

பாகூர் அண்ணா சொல்லும் மழைப் பயம் நிஜம். நான் மழையில் மூன்று முறை சறுக்கி விழுந்திருக்கிறேன். கனமழை நாளில் ஆட்டோதான். ஆனால் அது வருஷத்தில் பத்துப் பதினைந்து நாள்.

இன்னொரு விஷயம் அந்த இரண்டு பெண்களுக்கும் கட்டாயம் சொல்லுங்கள். பெண்கள் ராத்திரி ஃபேக்டரி வேலை செய்யக் கூடாது என்றிருந்த சட்டப் பிரிவை 2000ஆம் வருஷம் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, வீட்டுப் பக்கம்வரை வண்டி வசதி, பாதுகாப்பு எல்லாம் நிர்வாகம் செய்ய வேண்டும் என்று நிபந்தனையோடுதான் சொன்னது. பத்து மணிக்கு விடும் ஷிப்ட் அதில்தான் வரும். கம்பெனி பஸ்ஸில் சீட் காலியாகப் போகிறது, இரண்டு பெண்களை மெயின் ரோடு முக்குவரை இறக்கிவிட அவர்களுக்கு என்ன நஷ்டம்? தனியாகக் கேட்டால் வேலை போய்விடும் என்ற பயம் இருக்கும். வெளியிலிருந்து நீங்கள் பதினோரு பேர் இருக்கிறீர்களே, ஒரு கடிதம் எழுதுங்கள்.

---

புதுநகர் டு பால்டிமோர் (புதன், இரவு 10.20)

கடலூர் புதுநகர்க்காரன், இப்போது மேரிலாந்தில் இருக்கிறேன். இங்கே பல இடங்களில் கார் இல்லை என்றால் வேலையே இல்லை, வேலை இல்லாமல் கார் வாங்க முடியாது. அதற்காகவே சில அமைப்புகள் இருக்கின்றன. வெர்மான்ட்டில் 1996இல் தொடங்கிய குட் நியூஸ் காரேஜ், மேரிலாந்தில் 1999இல் தொடங்கிய வெஹிகிள்ஸ் ஃபார் சேஞ்ச். வேண்டாம் என்று மக்கள் கொடுக்கும் பழைய கார்களை வாங்கி, ஒர்க்‌ஷாப்பில் பழுது பார்த்து, வருமானம் குறைந்த குடும்பத்துக்குக் குறைந்த விலையில் கொடுக்கிறார்கள். எனக்கு அதில் பிடித்தது, கொடுத்ததோடு நிற்காமல் வண்டிக்குச் சில மாத வாரண்டியும் கொடுக்கிறார்கள். வில்லியனூர் அண்ணன் சொன்ன கிளட்ச் பிளேட் கதை இங்கேயும் அதேதான். 1,80,000ஐயும் வண்டியிலேயே போட்டுவிடாதீர்கள். நானும் 10,000 அனுப்புகிறேன், அதை ரிப்பேருக்கு என்று மட்டும் வையுங்கள்.

---

உப்பனாறு (ஞாயிறு, இரவு 8.15)

எல்லோருக்கும் நன்றி. வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டேன். நாங்கள் பதினோரு பேரும் வாட்ஸ்அப்பில் இரண்டு மாதம் பேசியிருக்கிறோம், அந்த ஐந்து பேரிடம் என்ன வேண்டும் என்று ஒருவரும் நேரில் கேட்கவில்லை. மேகலா தங்கச்சி எழுதியதைப் படித்த பிறகுதான் உறைத்தது.

ராத்திரி பத்தே முக்காலுக்குக் குட்டியானை வந்து நின்றது. பின்பக்கத் தடுப்பைத் திறந்ததும் முதலில் சாப்பாட்டுக் கூடைகள் இறங்கின, அப்புறம் பெண்கள். ஒரு அம்மா பலகையில் கால் வைத்து இறங்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அங்கேயே பேசினோம்.

லைசன்ஸ் இருப்பவருக்குக் காரை எடுத்துக்கொள்ளத் தயக்கம். "நாலு குடும்பத்துப் பொறுப்பு சார், எனக்கு ராத்திரி தூக்கம் வராது" என்றார். அந்த இரண்டு பெண்களில் ஒருவர் அவர் மனைவிதான், ஒரே ஷிப்ட். எனக்கு இது முன்பு தெரியாது. இன்னொருவர், அந்த மூன்று வயதுப் பிள்ளையின் அம்மா, சைக்கிள் நன்றாக ஓட்டுவார், ஸ்கூட்டர் என்றதும் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். மற்ற இரண்டு தம்பிகளில் ஒருவன் வீட்டில் ஒரு பழைய பைக் புளியமரத்தடியில் கிடக்கிறது, பேட்டரி, இரண்டு டயர், செயின் செட், கார்புரேட்டர் என்று 11,000 ஆகும் என்று ஊர் மெக்கானிக் சொன்னார். 11,000 இல்லாமல் அவன் ஒன்றரை வருஷமாக மாதம் 1,500க்கு மேல் குட்டியானைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறான். கேட்டதும் எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது.

இப்போது முடிவு இப்படி. இரண்டு செகண்ட் ஹேண்ட் ஸ்கூட்டர், இரண்டும் அந்தந்தப் பெண் பெயரில், கணவன் மனைவி ஒன்றில், இன்னொரு அம்மா ஒன்றில். அந்தப் பைக்கைச் சரி செய்து தம்பிகள் இரண்டு பேரும் அதில். வண்டி இரண்டுக்கும் 80,000 வைத்திருக்கிறோம், பெயர் மாற்றம், பேக்கேஜ் இன்சூரன்ஸ், ஐந்து ஹெல்மெட், மழைக்கோட்டு, லைசன்ஸ், டெஸ்டுக்குப் போகும் நாளின் கூலி எல்லாம் சேர்த்து இன்னொரு 30,000. மீதி, புதுநகர் நண்பரின் பத்தாயிரத்தையும் சேர்த்து, ரிப்பேருக்கும் கனமழை நாள் ஆட்டோவுக்கும் மட்டும் என்று ஊர் மகளிர் குழுவின் கணக்கில் தனியாக. பாகூர் அண்ணன் சொன்னதை விட்டுவிடவில்லை.

கம்பெனிக்குக் கடிதம் எழுதியாயிற்று, பதினோரு பேரும் கையெழுத்து. அந்தப் பெண்கள் பெயரைப் போடவில்லை, "இரவு ஷிப்ட் பெண்கள்" என்று பொதுவாகத்தான் கேட்டிருக்கிறோம்.

ஒரே ஒரு சந்தேகம். லைசன்ஸ் வரும்வரை அந்த மூன்று வயதுப் பிள்ளையின் அம்மா தனியாக ஓட்டக் கூடாது இல்லையா? எவ்வளவு நாள் ஆகும்?

---

மஞ்சை ஃபாரம் 29 (ஞாயிறு, இரவு 8.50)

எல்.எல்.ஆர். போட்டு 30 நாள் கழித்துத்தான் டெஸ்ட் போக முடியும், ஆறு மாதத்துக்குள் எடுத்துவிட வேண்டும். அதுவரை அவசரப்பட்டு ரோட்டில் விடாதீர்கள், லைசன்ஸ் இல்லாமல் ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ்காரன் கட்டிவிட்டு அதே பணத்தை அந்த அம்மாவிடமே திருப்பிக் கேட்பான். கியர் இல்லாத வண்டி என்று போட்டால் டெஸ்ட் சுலபம். திங்கட்கிழமை கூட்டத்தில் வேண்டாம், புதன் காலை வரச் சொல்லுங்கள், நானே பார்த்துக்கொள்கிறேன், எழுதுகூலி வேண்டாம்.

---

வில்லியனூர் ஸ்பேனர் (ஞாயிறு, இரவு 9.30)

ஸ்கூட்டர் பார்க்கப் போகும்போது என்னைக் கூப்பிடு தம்பி, கடலூருக்கு வருகிறேன். சாயந்தரம் ஆறு மணிக்கு மேல் மட்டும் வைத்துக்கொள்ளாதே, ட்யூப் லைட் வெளிச்சத்தில் துருவும் தெரியாது, பெயிண்ட் அடித்ததும் தெரியாது. காலையில் வண்டியை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னாலேயே நாம் அங்கே இருக்கணும், சைலன்சர் சில்லென்று இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கேட்கணும்.